டிகிரி சாரின் டிபன் பாக்ஸ்

கை வைக்காத தட்டு திரும்பி வந்தால் கிச்சன் அக்காவுக்குப் பொறுக்காது. பாதி சாப்பிட்ட தட்டு என்றால் பரவாயில்லை, வயதானவர்களுக்கு ஒருநாள் பசிக்கும், ஒருநாள் பசிக்காது. தொடாத தட்டு அப்படியில்லை. யாரோ தன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது போல அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். அந்த முதியோர் இல்லத்தின் சமையலறையை இருபத்தெட்டு வருடமாக அவள்தான் நடத்துகிறாள். அறுபத்து நான்கு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. எண்பதைத் தாண்டியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தேழு வயதில் இத்தனை தம்பி தங்கைகள் வேறு யாருக்கு வாய்க்கும் என்று அவளும் சிரித்துக்கொள்வாள்.

முட்டி ஆபரேஷனுக்காக மூன்று வாரம் லீவில் இருந்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். திரும்பிய முதல் நாளே, மதியம், பதினோராம் அறையின் தட்டு போனது போலவே வந்து நின்றது. சோறு குவித்தது குவித்தபடி இருந்தது. முட்டை மேல் மிளகுத்தூள்கூடக் கலையவில்லை.

"யாரு இந்த மகாராஜா?" என்றாள்.

"புதுசா வந்தவர் அக்கா," என்றாள் பரிமாறுகிற பெண். "நீங்க லீவுல போன அன்னைக்கு வந்தார். மூணு வாரமா இதே கதைதான். வாழைப்பழம் குடுத்தா தானே தோலை உரிச்சு சாப்பிடறார். பிஸ்கெட் பாக்கெட் சீல் உடைக்காம இருந்தா, தேதியைப் படிச்சுப் பார்த்துட்டு ரெண்டு சாப்பிடறார். நம்ம கிச்சன்ல இருந்து போறது ஒண்ணும் உள்ள இறங்க மாட்டேங்குது."

நம்ம கிச்சன்ல இருந்து என்ற சொல் அக்காவுக்குத் தைத்துவிட்டது. மூக்கின் மேல் கோபத்தோடு, புது முட்டியை இழுத்து இழுத்து, சாப்பாட்டு ஹாலுக்குப் போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் போனாள்.

ஹால் மூலையில் கை கழுவும் தொட்டி. அதன் முன்னால் ஒல்லியாக ஒருவர் முதுகைக் காட்டி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, அப்புறம் முழங்கை வரை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிற ஒரே ஒரு மனிதரைத்தான் அக்கா தன் வாழ்க்கையில் பார்த்திருக்கிறாள். கேட்க வந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று.

டிகிரி சார்!

அந்தப் பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், இல்லம் என்று பெரிய சமையலறை எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் அந்தப் பெயர் ஒரு காலத்தில் சிம்ம சொப்பனம். உணவுச் சுகாதார இன்ஸ்பெக்டர். எல்லாவற்றுக்கும் எத்தனை டிகிரி என்று கேட்பார், அதனால் டிகிரி சார். அக்கா இருபத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்த முதல் மாதமே அவர் வந்து நின்றார். அதன்பின் ரிட்டையர் ஆகும்வரை பதினான்கு வருடம், எப்போது வருவார் என்று தெரியாமல் அவளை நடுங்க வைத்தார்.

முன்வாசல் வழியாக அவர் வந்ததே இல்லை. முன்னால் வருகிறவனுக்குப் பூந்தொட்டியும் வரவேற்பறையும்தான் தெரியும், பின்னால் வந்தால்தான் கிச்சனின் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி. பின்கதவில் டொக் டொக்கென்று இரண்டு தட்டு. திறந்தால் தோளில் பை, ஒரு கையில் தண்ணீர்ப் புட்டி, மறு கையில் டிபன் பாக்ஸ். அந்த டிபன் பாக்ஸை வெளிப்படியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். "வெளிச் சாப்பாடு கிச்சனுக்குள்ள வரக் கூடாது, நானே கொண்டு வந்தாலும்" என்பார். பிறகு முழங்கை வரை கழுவல். பிறகு, "மொப்பைக் காட்டும்மா."

மற்ற இன்ஸ்பெக்டர்கள் அடுப்பைப் பார்ப்பார்கள். இவர் தரை துடைக்கிற மொப்பை மோந்து பார்ப்பார். அது நாறினால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம் என்பார். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்புக்குள் விரலை விட்டு ஓர் இழுப்பு இழுத்து, விரல் நுனியை வெளிச்சத்தில் பார்ப்பார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை உருவிப் பாத்திரத்தில் இறக்குவார். ஓரத்தில் இல்லை, மேலாக இல்லை, நட்டநடுவில்.

"அறுபதுக்கு மேல இருக்கணும், இல்ல அஞ்சுக்குக் கீழ இருக்கணும். நடுவுல இருந்தா அது சாப்பாடு இல்லம்மா. கிருமிங்களுக்கு வச்ச விருந்து."

ஒருமுறை அவளுடைய சமையலறையை இரண்டு நாள் இழுத்து மூடிவிட்டார். அண்டா நிறைய சூப், அடுத்த நாளைக்கென்று மூடி போட்டு மேடையிலேயே ஆற விட்டிருந்தாள். காலையில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. அவர் காலை ஏழு மணிக்கு வந்து நடுவில் தெர்மாமீட்டரை இறக்கினார், முப்பத்தாறு. கதவில் தாளை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். சூப்புக்காக ஒரு மனுஷன் இப்படிச் செய்வானா, விளங்காமல் போக என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். அதே கோடையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு இல்லத்தில், அதே மாதிரி ஆற வைத்த அண்டாக் குழம்பைச் சாப்பிட்டுப் பத்தொன்பது பேர் படுத்தார்கள். இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று அக்கா கடைக்குப் போய் அகலமான தட்டையான தட்டுகள் பன்னிரண்டு வாங்கி வந்தாள். அன்றுமுதல் எந்த மீதியும் தட்டில் பரப்பித்தான் ஆறும். அடுத்த முறை வந்தபோது அந்தத் தட்டுகளை அவர் பார்த்தார், அவளையும் பார்த்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. மகராசன், ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா?

சோதனை முடிந்ததும் பின்படியில், குழாயடிக்குப் பக்கத்தில், தனியாக உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸைத் திறப்பார். முதல் வருடம் அக்கா மனசு கேட்காமல் சூடாக ஒரு தட்டு போட்டுக் கொண்டுபோய் நீட்டினாள்.

"வேணாம்மா. சாப்பிட்ட கையால எழுத வராது," என்றார்.

அதன்பின் அவள் நீட்டியதில்லை. ஆனால் ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏன் சார், வீட்டுல எத்தனை மணிக்குக் கட்டிக் குடுப்பாங்க?"

"ஆறு மணிக்கு."

"இப்ப மணி ஒண்ணு. ஏழு மணி நேரம். நடுவுல எத்தனை டிகிரின்னு பார்த்தீங்களா?"

வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றார்கள். அவர் டிபன் பாக்ஸைப் பார்த்தார். பிறகு, "அந்தக் கிச்சன்ல எனக்கு அதிகாரம் கிடையாதும்மா," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அன்று பின்கட்டே சிரித்துக் குலுங்கியது. பதினான்கு வருடத்தில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது, அதுவும் நகைச்சுவையா உண்மையா என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமில்லை.

அவர் ரிட்டையர் ஆன நாளில் அக்கா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். ஆறே மாதத்தில் பின்கதவில் கேட்ட அந்த இரண்டு தட்டுக்கு ஏங்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது வருகிறவர்கள் முன்வாசலில் வந்து, கையில் இருக்கும் போனில் நாலு படம் எடுத்து, காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ரப்பரை இழுத்துப் பார்க்க ஆளில்லை. யாரும் பார்க்காவிட்டாலும் அவள் வாரம் இருமுறை அந்த மடிப்பைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். யாருக்காகத் துடைக்கிறோம் என்று சில நாள் தோன்றும். யார் முகம் ஞாபகம் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மனிதர்தான் இப்போது கைகளை உதறிக்கொண்டு திரும்பினார். சட்டைப் பையில் தெர்மாமீட்டர் உறை. உள்ளே ஒன்றும் இல்லை. முனை கூர்மை என்று நர்ஸ் வாங்கி வைத்துவிட்டாள். அக்காவின் வெள்ளை ஏப்ரனையும் தலைத்துணியையும் பார்த்தார்.

"ஏம்மா, நீதான் இங்க பொறுப்பா?"

"ஆமா சார். என்னைத் தெரியலையா? ஏன் சார் சாப்பிடாம இருக்கீங்க?"

"டியூட்டில இருக்கேன்ல," என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல. "சோதனை பண்ற இடத்துல கை நனைக்கக் கூடாதும்மா. உனக்குத் தெரியாததா?"

சாப்பாடு பிடிக்காமல் இல்லை, அவளை அவமதிக்கவும் இல்லை. மனுஷன் மூன்று வாரமாக வேலையில் இருக்கிறார். வேலை முடியவே இல்லை.

தலைமை நர்ஸ் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "வந்தப்ப அம்பத்தெட்டு கிலோ. இன்னைக்கு அம்பத்து மூணு. டாக்டர் வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிதான். மூக்கு வழியா குழாய் போட்டுடுவாங்க."

"குழாயா? அவருக்கா?"

"கையைக் கட்டித்தான் போடணும். பிடுங்கிடுவார். அவர் பொண்ணு நேத்து அழுதுட்டுப் போனாங்க."

வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. முழங்கை வரை கழுவுகிற அந்தக் கைகளைக் கட்டிலோடு கட்டுவார்களாம். அதை நினைக்க நினைக்க அக்காவுக்கு அன்று இரண்டு வேளைச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு யோசனை செய்தாள். வேலை முடியவில்லை என்றுதானே சாப்பிடவில்லை, முடித்துக் கொடுத்துவிடுவோம். பழைய சோதனைப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்தாள். மொப்பையே சாப்பாட்டு ஹாலுக்குக் கொண்டுவந்து காட்டினாள். அவர் மோந்து பார்த்துத் தலையசைத்தார். கேள்வி கேட்டார், அவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, கடைசியில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

"அப்ப சாப்பிடலாமே?"

"முடிஞ்சுதுன்னா கிளம்பணும்மா," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய்விட்டார். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜீப் வரும், ஜீப் வரும் என்று சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கெட்டிக்காரத்தனம் செய்யப்போய்க் கிழவரை வாசலில் உட்கார வைத்துவிட்டோமே என்று அக்கா தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றபோது, "பசிக்குது, வீட்டுக்குப் போகணும், அவ டிபன் கட்டி வச்சிருப்பா," என்றார்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அன்றே அவர் மகளுக்குப் போன் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மகள் ஆபீஸிலிருந்து நேராக வந்தாள். பையைத் திறந்து அந்த டிபன் பாக்ஸை மேஜை மேல் வைத்தாள். இரண்டு அடுக்கு எவர்சில்வர். மூடியின் ஓரத்தில் அதே நசுங்கல். அக்காவுக்கு அதைப் பார்த்ததும் பழைய பின்வாசல் வெயில் முகத்தில் அடித்தது போல இருந்தது.

"அம்மா போய் அஞ்சு வருஷம் ஆச்சு," என்றாள் மகள். "இதைத் தூக்கிப் போட மனசு வரலை, பரண்ல கிடந்துச்சு. வீட்டுல என்கிட்ட நல்லாத்தான் சாப்பிட்டார் அக்கா. ரெண்டு தடவை விழுந்துட்டார், நான் வேலைக்குப் போயிடறேன், வேற வழி தெரியலை. இந்த பில்டிங்கைப் பார்த்ததும் அவருக்கு டியூட்டி ஞாபகம் வந்துடுச்சு போல."

"அம்மா என்ன வச்சுக் குடுப்பாங்க?"

"சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு முட்டை. தினமும் அதேதான். ஸ்பூனைக் கைக்குட்டைல சுத்தி மேல வைப்பாங்க." மகள் கொஞ்சம் சிரித்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? எங்கம்மாவுக்கு உப்பே போட வராது. அப்பா ஒரு நாள்கூட வாயைத் திறந்ததில்லை."

பின்படிக்குக் கூட்டிப்போக நர்ஸ் சம்மதிக்கவில்லை. சரக்கு வண்டி வருகிற இடம், இல்லத்தில் இருப்பவர்கள் அங்கே போகக் கூடாது, விழுந்தால் யார் பதில் சொல்வது என்றாள். அக்கா ஒற்றைக் காலில் நின்றாள், அதுவும் ஆபரேஷன் செய்த காலோடு. கடைசியில் நர்ஸும் கூடவே நிற்பது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை மதியம். டிபன் பாக்ஸைக் கொதிநீரில் போட்டு எடுத்து, அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றையும் வறுவலையும் நிரப்பி, ஸ்பூனைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். அவரைப் பின்படியில் உட்கார வைத்தார்கள். குழாயைப் பார்த்தார், சாக்கடை மூடியைப் பார்த்தார், முகம் இளகியது. பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு கிளிப்பைத் தள்ளினார். மூடியைத் தூக்கியதும் ஆவி குப்பென்று கிளம்பி அவர் கண்ணாடியை மறைத்தது.

அப்படியே மூடிவிட்டார்.

"வீட்டுல இருந்து வந்த சாப்பாட்டுல எப்படிம்மா ஆவி பறக்கும்?"

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இது இந்த அடுப்புல சமைச்சது. என் பாக்ஸ்ல போட்டு என்கிட்டயே நீட்டறியா? இதுக்குப் பேரு லஞ்சம்மா." பாக்ஸை அவள் பக்கம் தள்ளினார். "உன்னை நான் அப்படி நினைக்கலை."

இருபத்தெட்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. மறதிக்காரர் சொன்னதுதானே என்று தள்ளிவிட முடியவில்லை, கன்னத்தில் அறைந்தது போல எரிந்தது. எல்லாவற்றையும்விட, தப்பு தன் மேல்தான் என்பது அவளை அறுத்தது. எதையும் அறுபதுக்குக் கீழே விடாதே என்று இவரே அடித்து அடித்துப் பழக்கிய கை, இவருக்குச் சூடாகக் கட்டிக் கொடுத்துவிட்டது. வேறு எந்தச் சமையல்காரியாவது இருந்திருந்தால் எதையாவது ஆறினதைப் போட்டு நீட்டியிருப்பாள், இந்நேரம் அவர் சாப்பிட்டிருப்பார்.

அன்று சாயங்காலம் எடை பார்த்தார்கள், ஐம்பத்திரண்டரை.

வியாழக்கிழமை காலை அக்கா வெகுநேரம் அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றாள். ஆற வைத்த சோறு. அவள் சமையலறையில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. வயதான வயிறு, ஐந்து கிலோ இளைத்த உடம்பு, கிருமி சேர்ந்தால் தாங்காது. சூடாகக் கொடுத்தால் சாப்பிட மாட்டார். ஆறியதைக் கொடுத்தால் அவர் சொன்னதையே மீற வேண்டும். அப்புறம்தான் அவர் சொன்ன இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சமைத்து இறக்கி வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரம், இந்த வயதுக்காரர்களுக்கு அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. இரண்டு மணி நேரம் இருக்கிறது. அது போதும்.

பதினொன்றரைக்கு அடுப்பிலிருந்து இறக்கினாள். சோறு, வறுவல், முட்டை. உப்பு எடுத்த கை அந்தரத்தில் நின்றது. இருபத்தெட்டு வருடக் கை! பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள். பாக்ஸின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள்: இறக்கியது 11.30, கொட்ட வேண்டியது 1.30. மூடி, வெளிப்படியிலேயே வைத்து, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தாள். வெளிச் சாப்பாடு உள்ளே இருக்கக் கூடாதே.

பன்னிரண்டே முக்காலுக்கு அவரைக் கூட்டி வந்தார்கள். வந்தவர் உட்காரவில்லை. வேலை முடியாமல் எப்படி உட்காருவார்? குழாயில் கை கழுவினார். மொப்பைக் கேட்டார், மோந்தார். சாக்கடை மூடியைத் தூக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். பின்கதவுக்கு வெளியே நிற்கும் பெரிய ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து ரப்பர் மடிப்பில் விரலை விட்டு இழுத்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தூசி இல்லை. மறுபடியும் கை கழுவப் போனார். மணி ஒன்று பத்து.

"ஒன்றரை ஆயிடும் போல இருக்கே," என்று கிசுகிசுத்தாள் நர்ஸ். "ஆனா என்ன அக்கா? பத்து நிமிஷம் முன்னப் பின்ன ஆனா ஒண்ணும் ஆகாது."

"கொட்டிடுவேன்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும். ஏற்கெனவே அவரை ஏமாத்திட்டு நிக்கிறேன். அவர் சொன்னதையும் ஏமாத்தச் சொல்றீங்களா?"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. முழங்கை வரை நுரை. நிதானமான கழுவல். மணி ஒன்று பதினெட்டு. துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல் படியைத் தேடி, கூடையை எடுத்து ஓரமாக வைத்து, உட்கார்ந்து, பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டார்.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. உறையைத் திறந்தார், காலி. பிறகு புறங்கையைப் பாக்ஸின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

கிளிப் தளரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் கைக்குட்டையைப் பிரித்து ஸ்பூனை எடுத்திருந்தார். ஒரு வாய். மென்றார். நின்றார்.

"உப்பு போடலை," என்றார், யாரிடமும் இல்லாமல். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று பதினான்கு வருடத்தில் அக்காவுக்குத் தெரியாது. இரண்டாவது வாய் எடுத்தார். மூன்றாவது. நர்ஸ் சுவர் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். ஒன்று இருபத்தொன்பதுக்கு இரண்டு அடுக்கும் காலி.

வழக்கம்போல எழுந்து குழாயடியில் பாக்ஸைத் தானே கழுவினார். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார். தண்ணீரில் எழுத்து கரைந்திருந்தது, விட்டுவிட்டார். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இரவுச் சாப்பாட்டுக்குச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மூக்கைத் தூக்கி அந்த வாசனையை இழுத்தார்.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த ஊர்ல எத்தனையோ கிச்சன் பார்த்திருக்கேன். இங்க வர்றப்ப மட்டும்தான் வாசனையே ஆளை இழுக்கும். இந்தப் படியில உக்காந்து உப்பில்லாததைத் தின்னுக்கிட்டு, உள்ள என்ன வேகுதுன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். என் வீட்டம்மாகிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் சார்."

"வெளிய சொல்லக் கூடாது, எழுதறவன் இதெல்லாம் பேசக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள்தான். ரிட்டையர் ஆனதும் ஒரு நாள் வர்றேன். முன்வாசல் வழியா வந்து, உள்ள உக்காந்து, உன் கையால சாப்பிடறேன். போடுவியா?"

அக்கா ஏப்ரன் நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு வெக்கை என்று நினைத்திருப்பார்.

"கட்டாயம் போடறேன் சார். வாங்க."

"சூடா இருக்கணும்," என்று விரலை நீட்டினார். "அறுபதுக்குக் கீழ போச்சுன்னா தொட மாட்டேன்."

"போகாது சார்," என்றாள் கிச்சன் அக்கா. "உங்களுக்கு ஒரு நாளும் போகாது."